அப்டேட்: அக்கா பையனோட ஜீன் ரிப்போர்ட்
போன மாசம் எழுதியிருந்தேன்ல, தண்டையார்பேட்டை அக்கா பையனுக்கு எக்ஸோம் டெஸ்ட்ல (புரோட்டீன் செய்யற ஜீன் பகுதிகளைப் படிக்கற டெஸ்ட்) மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு சக்தி தர்ற பகுதி) ஜீன் ஒண்ணுல மாற்றம் இருக்கு, ஆனா அதுதான் அவன் நோய்க்குக் காரணமான்னு சொல்ல முடியலன்னு ரிப்போர்ட் வந்துச்சுன்னு. நேத்து ஜெனடிக்ஸ் டாக்டர் பொறுமையா விளக்குனாரு. ஜீன்ல எழுத்து மாறினா மட்டும் போதாதாம், அதனால புரோட்டீன் குறைஞ்சிருக்கான்னு பாக்கணுமாம், சிலதுல ஒண்ணு குறைஞ்சா அது கூட ஒட்டி நிக்கற மத்த புரோட்டீனும் சேர்ந்து குறையுமாம், அந்தத் தடம்தான் சாட்சி. இதுக்கு 1 மில்லி ரத்தம் போதும், அதுல இருக்கற வெள்ளணுவுல 8,000க்கு மேல புரோட்டீனைப் பாக்கலாம், 3 நாளைக்குள்ள ரிசல்ட் வரும்னு மெல்போர்ன் ஆராய்ச்சியாளருங்க 2025ல காட்டியிருக்காங்க. இதைக் கண்டுபிடிக்க குழந்தை தசையை வெட்டி எடுக்கற பயாப்சி பண்ணணுமோன்னு நினைச்சு அக்கா தூங்கவே இல்ல, அதான் இதைக் கேட்டதும் அழுதுட்டா. ரத்த சாம்பிள் அனுப்ப வழியிருக்கான்னு டாக்டர் விசாரிக்கறேன்னாரு. அம்மா அப்பா ரத்தமும் சேர்த்து ஒப்பிட்டா நல்லதாம்.