6 பேர் குடும்பம், ஒழுங்கைக்குள்ள வீடு: வேன் எடுக்கவா, சின்னக் கார் எடுக்கவா?

கல்லடி ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். மூண்டு மாசமா வீட்டில இதே கதைதான் போகுது, முடிவெடுக்க ஏலாம கிடக்கு, அதான் இஞ்ச கேக்கிறன்.

நாங்க மட்டக்களப்பு கல்லடியில இருக்கிறம். நானும் அவரும், புள்ளைகள் மூண்டு பேர் (13, 9, 4), அம்மா, மொத்தம் 6 பேர். அம்மாவுக்கு 71 வயசு, போன வருசம் இடது முழங்கால் ஒப்பரேசன் செஞ்சது, நடப்பா, ஆனா காலை மடக்கி ஏறி இறங்கத்தான் சரியான கஷ்டப்படுவா. இப்ப எங்களிட்ட ரெண்டு மோட்டார் சைக்கிள் இருக்கு, மத்ததெல்லாம் ஓட்டோ.

அவருக்கு வெகன்ஆர் எண்ட சின்னக் கார்தான் விருப்பம். எண்ணெய் கொஞ்சமாத்தான் குடிக்கும், எங்கட ஒழுங்கைக்குள்ள லேசா திருப்பலாம், விக்கக்குள்ளயும் காசு வரும் எண்டு சொல்றார். நான் வேன் எடுப்பம் எண்டு சொல்றன். எங்கட கையில இருக்கிற காசுக்கு வேன் எண்டா 20, 25 வருசம் ஓடின டீசல் வேன்தான் வரும், கார் எண்டா 2016, 2017 வரைக்கும் பாக்கலாம். லீசிங் மாசம் 75 ஆயிரத்துக்கு மேல எங்களால கட்டேலா.

கிழமை நாளில வண்டியில 3 பேர்தான். பெரிய புள்ளைகள் ரெண்டு பேரையும் பாலம் தாண்டி ரவுணுக்குள்ள பள்ளிக்கூடத்தில விட்டுட்டு, திரும்ப ஆரையம்பதிக்கு வந்து மண்முனைப் பாலத்தால கொக்கட்டிச்சோலைப் பக்கம் என்ட பள்ளிக்கூடத்துக்குப் போகணும். வெள்ளிக்கிழமை கோயில், மாசத்தில ஒரு தரம் அம்மாட கிளினிக், ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயில், வருசத்தில ஒருக்கா கதிர்காமம். அவர் என்ன சொல்றார் எண்டா வருசத்தில ரெண்டு தரம் போற தூரப் பயணத்துக்கு ஹயருக்கு வேன் பிடிப்பம், அதுக்காக வருசம் முழுக்க வேனுக்கு எண்ணெய் அடிக்கிறதா எண்டு. கணக்கு சரிதான், ஆனா எனக்கு மனசு ஒப்புதில்ல, ஏனெண்டு சொல்லவும் தெரியல்ல. ஓடிப் பழகின ஆக்கள் சொல்லுங்க.

மருதமுனை காக்கா:

தங்கச்சி, நான் 9 வருசமா டீசல் வேன் ஒண்டு வெச்சிரிக்கன். நல்லதையும் சொல்றன் கெட்டதையும் சொல்றன்.

நல்லது என்னெண்டா, வேன் ஒண்டு வாசல்ல நிண்டா குடும்பத்துக்கு ஒரு தெம்பு. ரெண்டு வருசத்துக்கு முந்தி ராவு 2 மணிக்கு உம்மாக்கு மூச்செடுக்க ஏலாமப் போச்சி, நடு சீற்றில சாய்ச்சி வெச்சி, பொஞ்சாதி தலையைத் தாங்கிப் பிடிக்க, தம்பி கால்மாட்டில இரிக்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம். சின்னக் கார் எண்டா அந்த நேரம் உம்மாவ எப்பிடி வெச்சிரிப்பம் எண்டு இப்பயும் நினைச்சிப் பாப்பன். அல்ஹம்துலில்லாஹ், உம்மா இப்ப சுகமா இரிக்காங்க.

இனி கெட்டது. ஒரு பெருநாளைக்கு மறுநாள் 9 பேர் ஏறி மகியங்கனையால கண்டிக்குப் போனம். 18 வளைவில ஏறக்குள்ள ஏழாவதோ எட்டாவதோ வளைவில சூடு முள்ளு மேல போயிற்று, பொனட் பக்கமா ஆவி வரத் தொடங்கிற்று. வெயிலுக்க ரோட்டோரம் ரெண்டு மணித்தியாலம் புள்ளயளோட நிண்டம். மறுகா எஞ்சின் ஹெட் கழட்டி வேலை செஞ்ச காசுக்கு அந்த வருசம் முழுக்க ஹயருக்கே போயிரிக்கலாம். வேன் கூடாது எண்டு சொல்லல்ல தங்கச்சி, 25 வருச வேன் எண்டா அதுக்கெண்டு தனியா காசு ஒதுக்கி வெச்சிட்டுத்தான் வாங்கணும். லீசிங்கும் கட்டி கராஜுக்கும் கட்ட ஒங்களுக்கு ஏலுமா எண்டு யோசிங்க. பழைய வண்டிக்கு லீசிங்கும் லேசில குடுக்க மாட்டாங்க, குடுத்தாலும் வட்டி கூட.

இன்னொண்டு. 2022 ல எண்ணெய்த் தட்டுப்பாட்டில கியூஆர் வந்த புதுசில கிழமைக்கு காருக்கும் 20 லீற்றர், வேனுக்கும் 20 லீற்றர்தானே தந்தாங்க. கார்க்காரன் கிழமை முழுக்க ஓடினான், நான் வியாழக்கிழமையோட வேன வாசல்ல நிப்பாட்டி வெச்சன். அப்பிடி ஒரு காலம் திரும்ப வராமப் போகட்டும். ஆனா ஒங்கட மாதிரி ஒவ்வொரு நாளும் ரவுணுக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் ஓடுற ஆளுக்கு எண்ணெய்க் கணக்கு பெரிய கணக்கு.

செங்கலடி சுதன்:

அக்கா, நான் வெகன்ஆர் வெச்சிருக்கிறன், 4 வருசம் ஆகுது. வண்டியில ஒரு குறையும் சொல்லேலா, ரவுணுக்குள்ள ஓடுறதுக்கு அதை மாதிரி வசதி வேற இல்ல. ஆனா உங்கட வீட்டுக்காரருக்கு ஒரு விசயம் தெரியுமோ தெரியா. இது ஜப்பான்ல கெய் கார் எண்ட வகுப்பு. அந்த வகுப்புக்கு நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், எஞ்சின் 660 சிசி, ஆக்கள் 4 பேர், இதுக்கு மேல போகேலா எண்டு அங்க சட்டமே இருக்கு. அதான் பின்னுக்கு பெல்ட்டும் ரெண்டுதான் இருக்கும். எவ்ரி வேனும் இதே வகுப்புத்தான், வேன் எண்டு பேர் இருக்கிறதால கனக்கப் பேர் ஏறலாம் எண்டு நினைச்சு எடுத்துப் போடாதீங்க. 6 பேர ஏத்தினா பொலிஸ் ஒரு பக்கம், ஏதும் நடந்தா இன்சூரன்ஸ்காரன் எத்தினை பேர் இருந்தீங்க எண்டுதான் முதல் கேப்பான்.

ஏத்தத்திலயும் அப்பிடித்தான். பிபிலை தாண்டி லுணுகலை, பசறைப் பக்கம் பதுளைக்கு ஏறக்குள்ள 4 பேரும் ஏசியும் எண்டா எஞ்சின் கத்தும். மெதுவா ஏறும், பின்னுக்கு வாறவனுக்கு வழி விட்டு விட்டுத்தான் போகணும்.

இதெல்லாத்தையும் விட ஒண்டு சொல்லணும், இதை எழுதவா விடவா எண்டு யோசிச்சிட்டுத்தான் எழுதுறன். நாங்க வீட்டில 5 பேர். நான், மனிசி, ரெண்டு புள்ளைகள், அப்பா. கார் எடுத்த புதுசில அப்பா முன் சீற்றில இருப்பார், மனிசி புள்ளைகளோட பின்னுக்கு நெருக்கி இருப்பா. புள்ளைகள் வளர வளர பின்னுக்கு 3 பேருக்கு இடம் காணாமப் போச்சு. பிறகு அப்பா “நீங்க போயிட்டு வாங்க மகன், நான் வீட்டைப் பாக்கிறன்” எண்டு சொல்லத் தொடங்கினார். நாங்களும் சரி எண்டு போயிருவம். போன வருசம் தாந்தோன்றீஸ்வரர் தேருக்கு வெளிக்கிடக்குள்ள மூத்தவள் கேட்டாள், தாத்தா ஏன் எப்பவும் வாறல்ல எண்டு. யோசிச்சுப் பாத்தா 8 மாசமா அப்பா எங்களோட ஒரு இடமும் வரல்ல. அவருக்கு வர விருப்பமில்லாம இல்லக்கா, இடம் இல்லை எண்டு அவருக்குத் தெரியும், அதை வாயால சொல்ல மாட்டார். தேருக்கு அண்டைக்கு நான் அவரை முதல்ல கொண்டு போய் விட்டுட்டு திரும்ப வந்து மத்தாக்கள ஏத்தினன்.

உங்கட அம்மாவ நினைச்சுத்தான் உங்களுக்கு மனசு ஒப்பாம இருக்குதோ தெரியா.

திருக்கோவில் வாணி:

ரீச்சர், சின்னப் புள்ளைக்கு 4 வயசு எண்டு சொல்றீங்க, பழைய வேன்கள்ல பின் சீற்றுக்கு பெல்ட்டே இருக்காது, இருந்தாலும் இடுப்பு பெல்ட்தான், பேபி சீற் ஒழுங்கா கட்டேலா. வாங்க முதல் அதைப் பாருங்க. முன்பக்கம் தட்டையான வேன்ல எஞ்சின் சீற்றுக்குக் கீழதான் இருக்கும், அடிபட்டா முன்னுக்கு இருக்கிறவங்கட காலுக்கும் ரோட்டுக்கும் இடையில ஒரு தகரம்தான். புணாணை, வெலிக்கந்தைப் பக்கம் இரவில யானை குறுக்க வரும், அந்த ரோட்டால கொழும்புக்குப் போற ஆக்கள் இதை யோசிக்கத்தான் வேணும்.

அக்கரைப்பற்று கராஜ்:

நான் 22 வருசமா இந்த வேலைதான் செய்றன். வேனா காரா எண்டு ரெண்டை மட்டும் வெச்சுக் கேக்கிறீங்க, இடையில ஒண்டு இருக்கு. ப்ரீட், சியன்டா மாதிரி 1500 சிசி வண்டிகள். 6 இல்லாட்டி 7 சீற், நீளம் நாலே கால் மீற்றர்தான். நோவா வேன் எண்டா 4.6, 4.7 வரும், அதால ஒழுங்கைக்குள்ள உங்களுக்கு நோவாவை விட இது லேசு. பக்கத்துக் கதவு இழுக்கிற கதவு, தளமும் தாழ்வு, முழங்கால் ஏலாத ஆக்களுக்கு அதுதான் முக்கியம். எஞ்சின் முன்னுக்குத்தான், பெல்ட்டும் இருக்கும். புது ஹைபிரிட் உங்கட காசுக்கு வராது, 2010 பக்கம் வந்த பெற்றோல் ஒண்டு தேடிப் பாருங்க. எண்ணெய் வெகன்ஆரை விடக் கூடத்தான் குடிக்கும், அதை மறைக்கல்ல. மூண்டாவது வரிசையில ஆள் இருந்தா பின்னுக்கு சாமான் வைக்க இடம் இல்ல, புத்தகப் பை ரெண்டு வைக்கலாம், அவ்வளவுதான். கதிர்காமம் போற நேரம் சட்டி பானை, பாய் எல்லாம் மேல கரியர்லதான் கட்டணும்.

எதை எடுத்தாலும் இதுகளைப் பாக்காம எடுக்காதீங்க. 2020 மார்ச்சில இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்துக்குத் திரும்ப விட்டாங்க, அந்த 5 வருசமும் இருந்த வண்டியே கைமாறி கைமாறி ஓடினது, அதால மீற்றர்ல 70 ஆயிரம் எண்டு காட்டினா உடன நம்பாதீங்க. பிரேக் பெடல் றபர், ஸ்டியரிங் தோல், ட்ரைவர் சீற்றிட வலப்பக்க ஓரம், மூண்டையும் பாருங்க, 70 ஆயிரம் ஓடின வண்டியில பெடல் றபர் வழுவழுப்பா தேஞ்சிருக்காது.

2024 நவம்பர் வெள்ளத்தில நம்மட பக்கம் கனக்க வண்டிக்குள்ள தண்ணி போனது. கழுவி, பொலிஷ் அடிச்சு வித்துப் போடுவாங்க. சீற் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, அடியில இருக்கிற கடைசி ஒரு முழத்தை ஒருத்தரும் கழுவ மாட்டாங்க, சேத்துக் கறையும் மணமும் அதிலதான் நிக்கும். கடல் பக்கத்து வண்டி எண்டா இழுக்கிற கதவிட கீழ் ரெயிலுக்குள்ள விரலை விட்டுத் தடவுங்க, கறள் பொருக்கு பொருக்கா வந்தா அதுக்குக் கீழ தளமும் போயிருக்கும். கல்லடியில வெச்சிருக்கப் போறீங்க எண்டா வாங்கினதும் அடிக்கு கறள் மருந்து அடிச்சுப் போடுங்க.

கடைசியா, அம்மாவைக் கூட்டிட்டுப் போய் ஏத்திப் பாருங்க. படம் பாத்து இதைத் தீர்மானிக்கேலா.

கல்லடி ரீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. சுதன் தம்பி எழுதினதை ராவு அவருக்கு வாசிச்சுக் காட்டினன், அவர் கன நேரம் ஒண்டும் கதைக்கல்ல. பிறகு சொன்னார், போன மாசம் ஓட்டோவில கோயிலுக்குப் போகக்குள்ளயும் அம்மாவும் “நீங்க போயிட்டு வாங்க” எண்டுதானே சொன்னா எண்டு. அப்பதான் எனக்கும் விளங்கிச்சு. அம்மா கோயில் விசயத்தில ஒரு வெள்ளியும் விடாத ஆள், அப்பா இருந்த காலத்தில சைக்கிள் கரியர்ல இருந்து மாமாங்கத்துக்குப் போன ஆள்.

சனிக்கிழமை அம்மாவையும் ஏத்திட்டு மூண்டு வண்டி பாத்தம். முதல்ல காத்தான்குடியில ஒரு பழைய டீசல் வேன். அம்மா கதவுத் தூணைப் பிடிச்சு வலது காலை படியில வெச்சா, இடது காலைத் தூக்க ஏலாம அப்பிடியே நிண்டா, அவரும் நானும் ரெண்டு பக்கமும் தாங்கித்தான் ஏத்தினம். இறங்கக்குள்ள அதை விடக் கஷ்டம். ரெயிலுக்குள்ள விரலை விட்டன், தேயிலைத் தூள் மாதிரி கறள் கொட்டிச்சு. வெகன்ஆர்ல அம்மா முன்னுக்கு லேசா ஏறிட்டா, சீற் உயரமும் சரி, ஆனா ஏறி இருந்திட்டு திரும்பிப் பாத்துட்டு “புள்ளைகள் மூண்டு பேரும் நீயும் எங்க இருப்பீங்க” எண்டு கேட்டா.

மூண்டாவது களுவாஞ்சிக்குடியில ஒரு ப்ரீட், 2010. கதவைத் திறந்து விட்டதும் அம்மா முதல்ல சீற்றில குந்திட்டு பிறகு காலை ரெண்டையும் உள்ள எடுத்து வெச்சா, ஒருத்தரும் பிடிக்கல்ல. பெரியவனும் நடுவாளும் பின் வரிசையில, சின்னவ அம்மாவுக்குப் பக்கத்தில. கொஞ்ச நேரம் கதவை மூடிட்டு அப்பிடியே இருந்தம். அம்மா முந்தானையால கண்ணாடியைத் துடைச்சிட்டு வெளிய பாத்திட்டிருந்தா.

ஆனா உடன காசு குடுக்கல்ல. மீற்றர் 92 ஆயிரம் காட்டுது, பெடல் றபர் நல்லா தேஞ்சிருக்கு, கேட்டா பழைய சொந்தக்காரர் சப்பாத்தோட ஓடினவராம். பெல்ட்டை இழுத்துப் பாத்தன், சுத்தமாத்தான் இருந்திச்சு. ஏசி போட்டு களுதாவளை வரைக்கும் ஓடிப் பாத்தம், சூடு ஏறல்ல. ஒரு சந்தேகம், பின் வரிசை சீற்றை மடிச்சு வெச்சிட்டு ஓடினா இடது பக்கம் கடகட எண்டு சத்தம் வருது. அண்ணே, அது பெரிய பிழையா?

அக்கரைப்பற்று கராஜ்:

அந்த சீற்றை பக்கவாட்டில தூக்கிக் கொழுவிறது, கொழுவியில இருக்கிற றபர் போயிருக்கும். சின்ன வேலை. பெடல்தான் எனக்குப் பிடிக்கல்ல. 92 ஆயிரம் எண்டதை விட்டுட்டு ஒண்டரை லட்சம் ஓடினது எண்டு வெச்சு விலையைப் பேசுங்க. முன்பணம் குடுக்க முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டியை இஞ்ச கொண்டு வரச் சொல்லுங்க, கியர் எண்ணெய் நிறத்தையும் அடியையும் பாத்துச் சொல்றன். அடி நல்லா இருந்தா எடுங்க.

மருதமுனை காக்கா:

தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை நானும் அக்கரைப்பற்றுக்குப் போற வேலை இரிக்கி. ஒங்கட வீட்டுக்காரர் வாறதெண்டா நானும் வந்து நிண்டு விலை பேசித் தாறன். காசு கையில கொண்டு வர வேணாம் எண்டு சொல்லுங்க.