ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் புலன்சார் விளையாட்டுப் பொருள்களும்: எங்கள் அனுபவங்கள்

சிறப்பாசிரியர், வட்டார வள மையம்

ஆட்டிசத்துக்கென்றே விற்கப்படும் பொம்மைப் பெட்டியை வாங்கி வந்து, இதைப் பிள்ளைக்கு எப்படிப் பழக்குவது என்று கேட்கும் பெற்றோரிடம் நான் முதலில் விசாரிப்பது, கையில் எதையும் தராதபோது பிள்ளை தானாகத் தேடிப் போவது எதை, விலகி ஓடுவது எதைக் கண்டு என்பதைத்தான். சட்டைக் காலரை ஓயாமல் மெல்லும் பையனுக்கும், கோலமாவு விரலில் பட்டாலே கையை உதறி அழும் சிறுமிக்கும் ஒரே பொருள் எப்படிப் பொருந்தும்? கண்ணும் காதும் மட்டுமல்லாமல், தொடுதல், சமநிலை, தசை மூட்டு உணர்வு ஆகியவற்றை மூளை ஒழுங்குபடுத்துவதும் கற்றலுக்கு அடிப்படை என்று அமெரிக்கச் சிகிச்சையாளர் ஜீன் ஏயர்ஸ் 1972இலேயே எழுதியிருக்கிறார்.

அந்தச் சிறுமிக்குக் களிமண்ணை நேரடியாகத் தராமல், ஜிப் கவரில் மைதாக் கரைசலையும் சிறிது நிறத்தையும் ஊற்றி, காற்றை வெளியேற்றி, வாயை டேப்பால் ஒட்டி மேசையில் வைத்தோம். மேலிருந்து அழுத்தினால் கோடு விழும், தடவினால் அழிந்துவிடும். ஈரம் கையில் படாது என்று தெரிந்ததும் அவளே விரலை வைத்தாள். ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளை முதலில் எழுதியதும் அந்தக் கவரின் மேல்தான். நோட்டுக்கு வர வெகுநாள் ஆயிற்று. அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை.

காலரை மென்ற பையனுக்கு, மெல்வதற்கென்றே செய்யப்படும் சிலிகான் பொருள் உதவியது. ஆனால் துண்டு பெயர்கிறதா என்று நாள்தோறும் பார்த்தாக வேண்டும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகளை நான் வகுப்பறைக்குள் விடுவதே இல்லை. விழுங்கினால் அவை குடலுக்குள்ளும் பெருத்து அடைத்துக்கொள்ளும்.

ஒரு தாய்

உள்ளே எடை வைத்துத் தைத்த கனமான போர்வையைப் பற்றிப் பலரும் கேட்பதால் எழுதுகிறேன். பிரிட்டனில் நடந்து 2014இல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தூக்க நேரத்தை அது கூட்டவில்லை. இருந்தும் பிள்ளைகளும் பெற்றோரும் சாதாரணப் போர்வையைவிட அதையே விரும்பினார்கள். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அதைப் போர்த்தும் பேச்சுக்கே இடமில்லை.

அதற்குப் பதிலாக என் மாமியார் பழைய நூல் புடவையில் தூளி கட்டித் தந்தார். கூரைக் கொக்கி ஏழு வயதான என் மகனின் எடையைத் தாங்குமா என்று கொத்தனாரிடம் காட்டிய பிறகு, தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு மிகாமல் கட்டி, கீழே மெத்தை விரித்தோம். துணி உடம்பை அணைத்துப் பிடிக்க, மெதுவாக ஆடும்போது, பள்ளி விட்டு வந்த படபடப்பு அவனுக்குத் தணிகிறது. வேகமாக ஆட்டினாலோ துள்ளல் கூடிவிடுகிறது. பக்கத்தில் ஆள் இல்லாமல் விடுவதில்லை. வீட்டுப்பாடம் முடித்தால்தான் தூளி என்று நிபந்தனை போட வேண்டாம் என்றார் அவனுடைய சிகிச்சையாளர். உடம்பு அடங்குவதற்குத் தேவையானதைப் பரிசாக்கினால், மிகத் தேவைப்படும் நாளில்தான் அது கிடைக்காமல் போகும் என்பது அவர் சொன்ன காரணம். அதனால் எங்கள் வீட்டில் தூளி முதலில், பாடம் பிறகு.