பதற்றத்துக்கு மாத்திரை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

போன வருடம் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸில் ரயில் மாறும்போது திடீரென்று நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, மூச்சு முட்டியது. மாரடைப்பு என்றே நினைத்தேன். அவசரப் பிரிவில் ஈசிஜி எடுத்துவிட்டு இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். அப்புறம் பாலிகிளினிக்கில், இது பதற்றம்தான் என்று, அதற்கான எஸிடலோப்ராம் மாத்திரையை 5 மில்லிகிராமில் தொடங்கி 10 ஆக்கினார்கள்.

"மருந்து பிடிக்கச் சில வாரம் ஆகும், அதற்குள் குமட்டும், பதற்றம் கொஞ்சம் கூடவும் செய்யலாம்" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் மூன்றாம் நாளே குப்பையில் போட்டிருப்பேன். காயா ரொட்டி வாசனையே ஆகவில்லை. ஐந்தாவது வாரம் ஜூரோங் வரை ரயில் கூட்டத்தில் நின்றபடி போனேன். இறங்கிய பிறகுதான் வழியில் பயமே வரவில்லை என்று உறைத்தது.

அதுதான் வினையானது. தீபாவளி சமயம், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று மனைவியிடம்கூடச் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். மூன்றே நாளில் தலைசுற்றல். கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி. பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். டாக்டர் திட்டவில்லை. அடிமையாகிவிட்டதாக அர்த்தமில்லை, சட்டென்று விட்டதால் உடம்பு தடுமாறுகிறது என்றார். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, பிறகுதான் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்களாம். இப்போது இரவு 9 மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடுவதில்லை. (மெடிசேவ், அதாவது மருத்துவச் செலவுக்கான நம் கட்டாயச் சேமிப்புப் பணத்தை இதற்கும் பயன்படுத்தலாம் என்பதே எனக்குத் தெரியாது!)

ஈசூன் அக்கா:
தம்பி, உங்களுடையது வேறு வகை மாத்திரை. என் அம்மாவுக்குச் சென்னையிலிருந்து வந்த சித்தி, "நல்லாத் தூக்கம் வரும்க்கா" என்று அல்பிரசோலாம் அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். போட்ட கொஞ்ச நேரத்தில் மனசு அடங்கிவிடும். அந்தச் சுகம்தான் ஆபத்து. ஒரு ராத்திரி கழிவறைக்குப் போகையில் விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகே எங்களுக்கு விஷயம் தெரிந்தது. நான் பிடுங்கி எறியப் போனேன், டாக்டர் தடுத்தார். பல மாதம் போட்டதை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாமாம். வாரக்கணக்கில் குறைத்தோம். அதை இங்கே கொண்டுவர சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்பது பாவம், சித்திக்கும் தெரியாது.

துவாஸ் டிரைவர்:
எனக்கு லோராசிபாம், அக்கா சொன்ன அல்பிரசோலாம் வகைதான், அவசரத்துக்கென்று ஆறே ஆறு கொடுத்தார்கள். போட்ட அன்று லாரியைத் தொட மாட்டேன். மதுவோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும் என்று மருந்தாளர் சொன்னதிலிருந்து வெள்ளிக்கிழமை கோப்பிக்கடையில் எனக்கு ஐஸ் மைலோதான். பையன்கள் கிண்டலடிக்கிறார்கள். அடிக்கட்டும்.