அரசே தன் ஒப்பந்தத்தை முறித்தால் அரசமைப்பு கேள்வி கேட்குமா?

கேள்வி:
மண்டபம் பக்கம் படகுத்துறை ஒன்றைப் பராமரிக்க, மாநில அரசின் துறை ஒன்றோடு மூன்றாண்டு ஒப்பந்தம் செய்திருந்தேன். உப்புக்காற்றில் அரித்துப்போன இரும்பு வளையங்களை மாற்றி, பாசி படிந்து வழுக்கிய படிகளைச் சிமெண்டு பூசி முடித்த பிறகு, காரணமே கூறாத இரண்டு வரிக் கடிதத்தில் ரத்து செய்துவிட்டார்கள். இதற்கு வரம்பே கிடையாதா?

பதில் 1:
உண்டு, ஐயா. அமெரிக்க அரசமைப்பில் ஒப்பந்தக் கடப்பாட்டைக் குலைக்கும் சட்டத்தை மாநிலங்கள் இயற்றக் கூடாது என்று தனி வாசகமே இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. ஆனால், ஒப்பந்தத்தில் இறங்கிய பிறகும் சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் நம் அரசமைப்பின் உறுப்பு 14-க்கு அரசு கட்டுப்பட்டது, மனம்போன போக்கில் நடக்க முடியாது என்று ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கில் (1990) உச்ச நீதிமன்றம் கூறியது.

பதில் 2:
அதற்கு முன் ஒப்பந்தத் தாளைப் பாருங்கள். உறுப்பு 299-இன்படி அது ஆளுநர் பெயரால் எழுதப்பட்டு, அதிகாரம் பெற்றவர் கையொப்பமிட்டிருக்க வேண்டும்; இல்லையெனில் ஒப்பந்தமே செல்லாது. நல்லெண்ணத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். அப்போதும், இலவசமாகச் செய்யாத வேலையின் பயனை அரசு அனுபவித்திருந்தால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 70-இன்கீழ் ஈடு கேட்கலாம். உரிமையியல் வழக்கென்றால், பொதுவாக இரண்டு மாத முன்னறிவிப்பு கட்டாயம்.

கேட்டவர்:
பார்த்தேன். முதல் பக்கத்தில் ஆளுநர் பெயர் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் கையொப்பத்தின் மேல் முத்திரை பாதிதான் விழுந்திருக்கிறது. ராமநாதபுரத்தில் வழக்கறிஞரிடம் காட்டப்போகிறேன்.