பொருள்: விரிசல் இருந்தும் முறியாமல் நிற்கும் பண்புக்கு ஒரு சொல்

அன்புடையீர்,

திண்மப்பொருள் விசையியலைக் கற்பிப்பதிலும் விரிசல்கள் வளரும் விதத்தை ஆராய்வதிலும் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டு, அந்தப் பாடக்குறிப்புகளை இப்போது தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வகுப்பு தொடங்க மூன்று வாரமே இருக்கிறது. வலிமை, விறைப்பு, கடினத்தன்மை ஆகியவை தடையின்றி வந்துவிட்டன; டஃப்னெஸ் என்னும் பண்பில் நின்றுவிட்டேன். இதையும் கடினத்தன்மை என்றே மாணவர்கள் எழுதுகிறார்கள். கண்ணாடி மென்எஃகைவிடக் கடினமானது. ஆனாலும் அதன்மேல் மெல்லிய கீறல் ஒன்றைப் போட்டு இருபுறமும் விரலால் அழுத்தினால் தகடு அந்தக் கோட்டிலேயே பிளந்துவிடுகிறது. அதே கீறலை மென்எஃகுத் தகட்டில் போட்டால், அது வளையுமே தவிரப் பிளக்காது. 1943 ஜனவரியில், துறையில் அசையாமல் நின்றிருந்த ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாகப் பிளந்தபோது, அதன் மேல்தளத்துக்குக் கணக்கிடப்பட்ட தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை, எஃகின் வலிமைக்கு வெகு கீழேதான் இருந்தது. குறைந்திருந்தது வலிமையன்று, நான் சொல் தேடும் இந்தப் பண்பு. உதவுங்கள்.

*

ஐயா, வணக்கம்.

உரம் என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். 'சிதைவிடத்து ஒல்கார் உரவோர் புதையம்பிற் பட்டுப்பா டூன்றுங் களிறு' என்கிறது குறள். உடல் முழுதும் அம்பு தைத்த பின்னும் தளராமல் நிற்கும் யானையைத்தானே நீங்கள் எஃகில் தேடுகிறீர்கள்? சிதைவு நேர்ந்த இடத்தில்தான் உரம் வெளிப்படும் என்பதை வள்ளுவர் சொல்லிவிட்டார். நெஞ்சுரம் இன்றும் வழக்கில் இருப்பதால், முறிவுரம் என்று ஆக்கலாம்.

இதையொட்டி ஒன்று. விசையால் ஒரு பொருள் உருமாறும் அளவை (ஸ்ட்ரெயின்) தமிழ்நாட்டுப் பாடநூல்கள் திரிபு என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் விகாரம் என்கின்றன. நன்னூல்படி விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். இழுக்கப்பட்ட கம்பியில் புதிதாக எதுவும் தோன்றுவதில்லை, எதுவும் கெடுவதுமில்லை. ஆகவே திரிபே நுட்பமான தேர்வு என்பது என் நெடுநாள் கருத்து.

*

மதிப்பிற்குரிய இருவருக்கும் வணக்கம்.

குறள் மிகப் பொருத்தமானது, சொல் பொருத்தமில்லை. உரம் என்றதும் மாணவர் மனத்தில் வருவது வயலுக்கு இடும் உரம். கூட்டுச்சொல்லானால் அந்தப் பொருள் மறைந்துவிடும் என்றால், தழையுரம் என்ற சொல்லை என்ன செய்வது? இலக்கணமும் இடிக்கிறது. நெஞ்சுரம் நெஞ்சினது உரம்; அதே வழியில் முறிவுரம் முறிவினது உரமாகிவிடும், அதாவது முறிவுதான் வலுவாக இருக்கிறது என்றாகும். முறிவெதிர்ப்பு என்றால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது. புரியாத தூய்மையால் யாருக்குப் பயன்?

*

தேர்ப்பாகன் என்றால் தேரினது பாகன் என்றா கொள்கிறோம்? தேரை ஓட்டும் பாகன். அதுபோல முறிவைத் தாங்கும் உரம் முறிவுரம். இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இலக்கணம் இடிக்கவில்லை.

*

அனைவருக்கும் நன்றி.

முறிவெதிர்ப்பு எனக்கும் பிடித்தது, ஆனால் எதிர்ப்பு என்ற சொல்லை வேறிடத்தில் செலவிட்டுவிட்டேன். விரிசல் நீள நீள அதற்கெதிரான தடை கூடுவதை வரையும் கோட்டுக்கு எதிர்ப்பு வளைகோடு என்று பெயர். ஒரே அதிகாரத்தில் இரண்டும் வந்தால் குழப்பம் நேரும். எனக்குத் தேவையானது 1957இல் முறிவியல் ஆய்வாளர் இர்வின் வகுத்த வழியில் அளக்கப்படும் ஒரே ஓர் எண்ணுக்கான பெயர். மெகாபாஸ்கலை மீட்டரின் வர்க்கமூலத்தால் பெருக்கிவரும் அலகில், அது கண்ணாடிக்கு ஒன்றுக்கும் குறைவு. நல்ல கட்டுமான எஃகுக்கு 50ஐத் தாண்டும். அந்த அலகை முதன்முதலில் பார்க்கும் மாணவர் எப்படியும் திகைத்து நிற்கத்தான் போகிறார். அந்த இடத்தில் யானையைச் சொல்லி உரத்தை விளக்க முடியும் என்று நம்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் டஃப்னெஸ் என்றும் சேர்த்து எழுதி, மற்ற இடங்களில் முறிவுரம் என்றே வைக்கிறேன்.

*

தங்கள் குறிப்புக்கு அது சரி, ஐயா. நான் எழுதும் பள்ளிநூலில் முறிவெதிர்ப்பே இருக்கும். அந்த வகுப்பில் எதிர்ப்பு வளைகோடு வருவதில்லை. தங்கள் வகுப்பு முடிந்ததும், மாணவர்கள் தேர்வில் எந்தச் சொல்லை எழுதினார்கள் என்று குழுவுக்குத் தெரிவியுங்கள்.