வேலை இருந்தது, மேசைதான் எட்டவில்லை

திருச்சியிலிருந்து:

மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை பிடித்துக் கொடுப்பதுதான் ஒன்பது வருடமாக என் பிழைப்பு. ஆரம்பத்தில் நானும் யூடிஐடி அட்டையைத்தான், அதாவது ஊனத்தின் அளவைச் சதவீதத்தில் காட்டும் அரசு அடையாள அட்டையைத்தான், முதலில் கேட்பேன். அதில் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதோடு சரி. ஆள் எந்த வேலைக்குத் தோதாக இருப்பார் என்று அட்டை சொல்லாது.

தசைச்சிதைவு நோய் உள்ள ஒரு தம்பி, பி.காம் முடித்தவர். அட்டையில் 80 சதவீதம். கணக்கு எழுதும் மென்பொருளான டாலி அத்துப்படி. ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பில் பதிவு செய்யச் சேர்த்துவிட்டேன். மூன்றாம் நாளே போன்: "அண்ணா, முடியலண்ணா."

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். விரல்கள் நன்றாகவே ஓடின. ஆனால் தோள் தூக்காது. மவுஸைத் தொட வேண்டுமென்றால் இடது கையால் வலது கையை ஏந்தி, மேசை மேல் கொண்டுபோய் வைத்தார். ஒரு பில்லுக்கு நாலு தடவை. மேசைக் காலை அறுக்கலாம் என்றால் சக்கர நாற்காலியில் முழங்கால் இடிக்கும். கடைசியில் தச்சரிடம் சொல்லி, நாற்காலியின் இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே ஒரு பலகை போட்டோம். கீபோர்டும், கையை நகர்த்தாமல் விரலால் உருண்டையை உருட்டும் டிராக்பால் மவுஸும் அதன்மேல். முந்நூறு ரூபாய்ச் செலவு!

அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது. காலையில் அரை டம்ளர் காபி குடித்தால் வீடு திரும்பும்வரை தண்ணீரே தொடமாட்டாராம். கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது. கட்டடக்காரர் மசியவில்லை. இப்போது பகல் ஒரு மணிவரை ஆபீஸ், மீதி வேலை வீட்டில்.

மதுரையிலிருந்து:

எனக்குப் பார்வை முழுக்க இல்லை. எங்கே போனாலும் "டெலிபோன் ஆபரேட்டர் வேலை இருக்கு, போறீங்களா?" என்றுதான் கேட்பார்கள். நான் என்விடிஏ, அதாவது திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள், வைத்து எக்ஸெல் செய்கிறவன். அது படிக்கிற வேகத்தில் கேட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல் புரியாது. ஒரு நேர்காணலில் இருபது நிமிடமும் "பஸ்ஸில் எப்படி வருவீங்க?" என்பதே பேச்சு. எக்ஸெல் பற்றி ஒரு கேள்வி இல்லை.

திருச்சியிலிருந்து:

அதே கேள்வியை நானும் கேட்டவன்தான், ஒத்துக்கொள்கிறேன். தம்பிக்கு இப்போது வலது விரல்களும் தளர்கின்றன. குரலால் டாலியில் பதிவு செய்து பழகியவர் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.