தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில் சென்சார், எஸ்ஓஎஸ் பட்டன்: எங்கே கோட்டை விட்டார்கள்?

மலைக்கோட்டை வயர்மேன்
ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு, பாட்டி மட்டும். பாத்ரூமில், ஆபத்தில் அமுக்கினால் பிள்ளைகளுக்குத் தகவல் போகும் எஸ்ஓஎஸ் பட்டனை சுவிட்ச் போர்டு உயரத்தில், நாலரை அடியில் ஒட்டியிருந்தார்கள். விழுந்து கிடப்பவர் கைக்கு இரண்டடி எட்டினாலே அதிகம். பட்டனைச் சுற்றி டைல்ஸ் நாலைந்து இடத்தில் சில்லு பெயர்ந்திருந்தது. படுத்தபடியே சொம்பை வீசி வீசிப் பட்டனை அடிக்கப் பார்த்திருக்கிறார். காலையில் பால் போட வந்தவர் சத்தம் கேட்டுத்தான் கதவை உடைத்தார்கள். அந்தத் தழும்பு கண்ணைவிட்டுப் போகவில்லை.

இப்போது அங்கே கூரையிலிருந்து கயிறு இழுக்கும் சுவிட்ச். கயிற்றில் இரண்டு வளையம்: ஒன்று இடுப்பு உயரம், இன்னொன்று தரையிலிருந்து 10 செ.மீ. தரை துடைக்க வருபவர்கள் கயிற்றைச் சுருட்டிக் குழாயில் மாட்டிவிடுவார்கள். அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

சிங்காநல்லூர்
கயிறெல்லாம் பழைய காலம் சார். விழுந்தால் தானே போன் போடும் வாட்ச் இருக்கிறதே. கையில் கட்டினால் முடிந்தது.

நைட் டியூட்டி நர்ஸ்
அங்கேதான் முடியவில்லை. எல்லோரும் வாட்சை சார்ஜில் போடுவது ராத்திரி. பெரியவர்கள் பாத்ரூமுக்கு எழுந்து தடுக்கி விழுவதும் ராத்திரி. ஒரு வீட்டில் தாத்தா கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்தார். வாட்ச் மேசைமேல் 100 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் சீரியல் பார்க்க உட்காரும்போது சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

அந்த வாட்ச் திடீர் அதிர்வை வைத்துத்தான் விழுந்ததாக முடிவு செய்யும். சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிட்டால் பல நேரம் அதற்குத் தெரியாது.

மதுரை நெட்வொர்க்
பட்டனோ வாட்சோ, கரண்ட் போனால்? ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் ரூட்டர் பாயிண்ட் அந்த லைனில் இல்லை. ஃபேன் ஓடுகிறது, பட்டனை அமுக்கினால் விளக்கு மினுக்குகிறது, மகன் போனுக்கு ஒன்றும் போகவில்லை.

மினி யுபிஎஸ் போதும். வாங்கும் முன் அடாப்டரில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள்: 9 வோல்ட்டா 12 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர். ஃபைபர் பெட்டி தனி, ரூட்டர் தனி என்றால் இரண்டுக்கும் வேண்டும். சென்சார்களை ரூட்டரோடு இணைக்கும் ஹப்பையும் விட்டுவிடாதீர்கள், அது பெரும்பாலும் 5 வோல்ட். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டுப் பட்டனை அமுக்கிப் பாருங்கள்.

அடுப்பு சர்வீஸ்
ஒரு அபார்ட்மெண்டில் கேஸ் டிடெக்டரை சமையலறை மேல் மூலையில் மாட்டியிருந்தார்கள். டியூப் கசிந்து வீடெல்லாம் வாடை, டிடெக்டர் வாயே திறக்கவில்லை. எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். அதனால் தரையிலிருந்து ஒரு அடிக்குள் மாட்ட வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு என்றால் நேர்மாறு. அது லேசு, கூரைக்குப் பக்கத்தில் வையுங்கள். சானிடைசர், கொசு ஸ்ப்ரே பட்டாலும் சில டிடெக்டர் கத்தும். சும்மா சும்மா கத்தினால் பெரியவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இதோடு கீசரையும் சொல்லிவிடுகிறேன். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். போனிலேயே அணைக்கக்கூடிய 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் முதலில் ஓடும். தினமும் சூடேறிச் சூடேறி, பின் போகும் துளை பழுப்பாகி உருகும். 16 ஆம்பியர்தான் போட வேண்டும். தண்ணீர் மோட்டாருக்கு அதுவும் வேண்டாம். ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரண்ட் பாய்ந்து, பிளக்குக்குள் இருக்கும் ரிலே என்ற சின்ன சுவிட்ச் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் போனில் அணைத்தாலும் மோட்டார் நிற்காது. அதிக கரண்டைத் தாங்கும் சுவிட்சான காண்டாக்டர் வைத்துக் கொடுங்கள்.

சிங்காநல்லூர்
வாட்ச் சார்ஜ் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஹாலில் கேமரா?

நைட் டியூட்டி நர்ஸ்
துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். அது அவர்கள் உரிமை. ஜப்பானில் ஸோஜிருஷி 2001-லேயே வெந்நீர்க் கெண்டி ஒன்றை விட்டது. பெரியவர் தேநீருக்குத் தண்ணீர் எடுத்தாரா என்று பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் போகும், படம் கிடையாது. நம் வீட்டில் பிரிட்ஜ் கதவில் டோர் சென்சார் ஒட்டுங்கள். காப்பிக்குப் பால் எடுக்க ஏழரைக்குள் கதவு திறக்காவிட்டால் மகளுக்குச் செய்தி போகட்டும். அது இரண்டு துண்டாக வரும்; காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி ஒன்றரை செ.மீ.க்குள் இருக்கட்டும். கதவின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் கீழே விழுந்து கிடக்கும்.

மலைக்கோட்டை வயர்மேன்
உடம்புச் சூட்டை வைத்து ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் மோஷன் சென்சாரை நம்புகிறவர்களுக்கு: மே மாதம் சுவரும் உடம்பும் ஒரே சூட்டில் இருந்தால் அதற்கு ஆள் நடப்பது சரியாகத் தெரியாது. கத்திரி வெயிலில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.